கேஸ் தோம்புக்குப் போட்ட சட்டை

என் வீட்டுக்காரருக்கு நிறம் தெரியாது என்று சொல்ல முடியாது. கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களை ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை மாதிரி அடுக்கி வைத்த கொள்கலன்களைத் தூரத்திலிருந்து பார்த்தே, "அந்த நீலம் வேற கம்பெனி, இந்த நீலம் வேற கம்பெனி" என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் வீட்டு வாசலோடு அணைந்துவிடும். ஒருமுறை ஹால் சுவரின் வெள்ளையை மாற்றி இளம்பச்சை அடிக்க ஆள் வைத்தேன். சாயங்காலம் வந்தார், சாப்பிட்டார், செய்தி பார்த்தார், தூங்கினார். வாரக் கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன வாடை இது? எங்கயாவது பெயிண்ட் அடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே கூரை, ஒரே கேட், பிஸ்கட் தண்ணீரில் ஊறியது போன்ற ஒரே நிறம். வாங்கிக் குடிவந்த புதிதில், வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு கேட்டைத் திறக்கப் போன அனுபவம் எனக்கே உண்டு. அப்போதுதான் தையல் மெஷினைப் பின்னறையில் போட்டேன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வெட்டுத்துணிகளைக் கூடையில் கொட்டி வைத்திருப்பார்கள். கைக்கு அகப்பட்டதை அள்ளி வந்து, கடுகு மஞ்சளும் கத்திரிப்பூ நிறமும் கிளிப்பச்சையுமாகச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுத்தையல் போட்டு ஜன்னல்களுக்குக் கர்ட்டன் தைத்தேன். பழைய சேலைகளின் கரைகளை உருவி சோபாவுக்குப் போர்வை. குஷன் உறைகள், தலையணை உறைகள், மேசை விரிப்பு, கால் மிதியடிகூட நான் தைத்ததுதான். மெஷின் பழசாகி, புது மெஷினும் பழசாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் என் தையலைக் குறை சொன்னதில்லை. பார்த்தால்தானே சொல்வதற்கு! ஒரு தீபாவளிக்கு வந்த அவருடைய நண்பர், முறுக்குத் தின்ற எண்ணெய்க் கையை அந்தச் சேலைக்கரைப் போர்வையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டே, "வீட்ட நல்லா வெச்சிருக்கீங்க அண்ணே" என்றார். என் வீட்டுக்காரரும், "ஏதோ இருக்கோம்" என்று அடக்கமாக அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்றதும் சூப்பர்வைசர் வேலை துறைமுகத்திலிருந்து என் சமையலறைக்கு மாறியது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கனமான சாமான் கீழே, லேசான சாமான் மேலே என்று கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவது போல அடுக்குவார். தயிரைத் தேடி நான் அலைவேன். அப்படி ஒரு சில மாதம் போனபின், கார் நிறுத்தும் இடத்தில் மழைத்தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்தபோது விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண் முதலில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவர் அதை வாங்கி வந்து தொலைக்காட்சிக்கு மேலே வைத்துவிட்டார். அடுத்த முறை போனபோது அவள் சிரித்துக்கொண்டே ஒரு கொக்கி ஊசியையும் உல்லன் நூல் உருண்டையையும் எடுத்துத் தந்து, "பின்னிப் பாருங்கள் அங்கிள், விரல் சீக்கிரம் மடங்கும்" என்றாள்.

கார் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "பொம்பளைங்க வேலைய என் கையில குடுக்குறா பாரு."

"சமையலும் பொம்பளைங்க வேலைதான். அத மட்டும் கேக்காமலே வந்து பண்றீங்க" என்றேன்.

அந்த ஊசியும் ஒரு வாரம் சும்மா கிடந்தது. மழை விடாமல் பெய்த ஒரு மதியம், பார்க்க வேறு எதுவும் இல்லாமல், யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரி பின்னுவதைப் பார்த்தார். பிறகு நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவளோடுதான் இருந்தார். அவள் நிறுத்து என்றால் நிறுத்தினார், அவிழ் என்றால் அவிழ்த்தார். என் ஒரு சொல்லையும் அப்படிக் கேட்டவர் இல்லை. முதலில் செய்தது டீ கிளாஸ் வைக்கும் வட்டம். வட்டம் என்று அவர் சொன்னார். பார்ப்பதற்கு ஒரு பக்கம் கடித்த உளுந்து வடை மாதிரி இருந்தது. ஆனால் விரல் மடங்கத் தொடங்கிவிட்டது. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அங்கேதான் தவறு நடந்தது. விரல் சரியானதும் நிறுத்தவில்லை.

டிஷ்யூ பெட்டிக்கு உறை வந்தது. ரிமோட்டுக்கு உறை வந்தது; பொத்தான்கள் தெரியாததால் சேனல் மாற்ற அதைக் கழற்ற வேண்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்கு ரோஜா நிறத்தில் கையுறை மாட்டினார். சமைக்கிற கையால் நான் அதைத் திறந்து திறந்து, மூன்றாம் நாளே மஞ்சளும் எண்ணெயும் ஏறி அது ஒரு மீன் வறுவல் மாதிரி ஆகிவிட்டது. துவைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவறையில் காகிதச் சுருளுக்குப் பாவாடை கட்டினார். கடைசியாக, அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற கேஸ் தோம்புக்கு, அதாவது சிலிண்டருக்கு, ஆரஞ்சும் ஊதாவும் பச்சையுமாகக் கழுத்துப் பட்டி வைத்து ஒரு சட்டை பின்னினார்.

"தீப்பிடிச்சா?" என்றேன்.

"வீட்டுக்குக் கலர் வேணாமா? சும்மா மொட்டையா நிக்குது" என்றார். கலரைப் பற்றி அவர் எனக்குச் சொன்னார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே போய்த் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

அதைப் படம் பிடித்துத் தாமான் வாட்ஸப் குழுவில் போட்டார். காணாமல் போன பூனை, தண்ணீர் வராத நேரம், யார் கேட்டை மறித்து யார் காரை நிறுத்தினார் என்பதைத் தவிர வேறு எதுவும் வராத குழு அது. அன்றைக்கு நிரம்பி வழிந்தது. "வாவ் அங்கிள், சோ டேலண்டட்!" "சூப்பர் அண்ணே." "என் ஹஸ்பண்டும் இருக்காரே, ஒரு கப் கழுவ மாட்டாரு." கைதட்டல், பூ, நெருப்பு, இதயம். அவர் ஒவ்வொன்றையும் சத்தம் போட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு பெண், படத்தின் ஓரத்தில் தெரிந்த சமையலறை ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தாள்: "அங்கிள், பின்னால இருக்கிற கர்ட்டன் ரொம்ப அழகா இருக்கு. எங்க வாங்கினீங்க?"

அதையும் வாசித்தார். என் கத்தி நின்றது. அவர் ஒரு விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதியதையும் வாசித்தார்.

"தெரியலமா. வீட்ல இருந்தது."

மறுபடியும் நறுக்கினேன். வெங்காயம் நறுக்குகிறவளின் கண்ணைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. அது ஒரு வசதி.

சட்டைக்கு வந்த புகழ் கொஞ்ச நாள் நின்றது. கேஸ் முடிந்ததும் கடைக்குப் போன் போட்டோம். லோரியில் வந்த தம்பி புதுத் தோம்பை வைத்துவிட்டு, பழையதைச் சட்டையோடு தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் வீட்டுக்காரர் கைலியோடு தெருக்கோடி வரை லோரியின் பின்னால் ஓடினார். "பாஸ்! பாஸ்! சட்டை! சட்டை!" என்று கத்தினார். தெருவில் யாரோ சட்டையைத் திருடிக்கொண்டு ஓடுவதாக நினைத்து இரண்டு பேர் கதவைத் திறந்து பார்த்தார்கள். அதன்பிறகு அவருடைய புகழ் குறையும் என்று எதிர்பார்த்தேன். கூடியது.

தீபாவளிக்கு முன்பு தாமான் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேடைத் தமிழில் பேசுகிறவர் அவர். "ஐயா, இந்த ஆண்டு நமது தீபாவளித் திறந்த இல்ல விருந்து உபசரிப்பு, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தோரணங்கள் இன்றி, கைவண்ணம் மிளிர நடைபெற வேண்டும் என்று செயலவை முடிவு செய்துள்ளது. அலங்காரக் குழுவுக்குத் தங்களையே தலைவராக நியமித்திருக்கிறோம்" என்றார். உட்கார்ந்திருந்தது நான் தைத்த குஷன் மீது. எழுந்துகொள்ளும்போது அதைத்தான் கையூன்றி அமுக்கினார்.

"நாம பண்ணிடலாம் தலைவரே" என்றார் என் வீட்டுக்காரர்.

தலைவர் போனதும் கேட்டேன். "நாமன்னா யாரு?"

"நாமன்னா... நாமதான்."

"பேர் யாருக்கு வந்துச்சு? உங்களுக்கு. நாமன்னு சொன்னது யாரு? நீங்க. அப்ப நீங்களே பண்ணுங்க."

"ஏம்மா, பல்நோக்கு மண்டபம் எவ்ளோ பெருசு! நான் ஒருத்தன் எப்டி பின்னி முடிக்கிறது?"

"அந்த வெள்ளைக்காரியக் கேளுங்க."

தீபாவளிக்குப் பலகாரம் சுட்டேன், வந்தவர்களுக்குப் பரிமாறினேன். தோரணத்தில் கை வைக்கவில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்து இரவும் பகலுமாகப் பின்னினார். பண்டிகை முடிந்த மறுநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. அப்போது அவர் பின்னியிருந்த தோரணம் எங்கள் கேட்டுக்கே குறுக்கே கட்டப் போதாது. உபசரிப்பு அந்த வார ஞாயிற்றுக்கிழமை. நான் பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி மகளுக்குப் பிடித்த அப்பத்தை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வேறு ரயில் பிடித்து சாலாக் செலாத்தானுக்குப் போனேன்.

மகளும் மருமகனும் அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு "தீம்" உண்டு. சாம்பல். சுவர் சாம்பல், சோபா சாம்பல், தரை சாம்பல், குளியலறையில் சோப்புகூட சாம்பல். உள்ளே நுழைந்தால் மழை வரப்போகிறது என்று துணி எடுக்கத் தோன்றும். அவர்கள் குடிபோனபோது நான் ஆசையாக ஒரு போர்வையும் இரண்டு கர்ட்டனும் தைத்துக்கொண்டு போயிருந்தேன். "ரொம்ப நல்லாருக்கும்மா, ஆனா எங்க தீமுக்கு மேட்ச் ஆகாதும்மா" என்று மடித்து, பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இந்த முறை போனபோது, ஹால் சுவரின் நட்ட நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒன்று தொங்கியது. அந்தக் கடித்த வடை.

"இது என்ன?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"அப்பா முதல் முதல்ல செஞ்சதும்மா! கையால! சோ கியூட் இல்ல?" போர்வைக்குள்ளிருந்து காய்ச்சல் முகத்தோடு சிரித்தாள்.

"தீம்?"

"இது ஸ்டேட்மென்ட் பீஸ்மா" என்றாள்.

அதற்கு மேல் காய்ச்சல்காரியிடம் சண்டை போடக்கூடாது என்று ரசம் வைக்கப் போனேன். ரசத்தின் நிறம் மட்டும் அந்த வீட்டில் தீமுக்கு ஒத்துவராமல் இருந்தது. எனக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. "நம்ம கர்ட்டன் கம்பி எப்டி கழட்டுறது?"

"எதுக்கு?"

"சும்மாதான். தூசி தட்டலாம்னு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் தூசி என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. திருகாணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். போனை வைத்துவிட்டு மகளிடம், "உங்கப்பா கர்ட்டன் தூசி தட்டுறாராம்" என்றேன். குரலில் பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

"ஐயோ, சோ ஸ்வீட்" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காய்ச்சல் விட்டிருந்தது. நான் கிள்ளானுக்குத் திரும்பினேன். ரயில் நிலையத்திலிருந்து காரில் வந்து எங்கள் வீட்டு முன் இறங்கியதும், ஒரு நிமிஷம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஜன்னல்கள் எல்லாம் அம்மணமாக நின்றன. வெயில் நேராக உள்ளே புகுந்து, மொட்டை சோபாவையும் உறை இல்லாத குஷன்களின் மஞ்சள் பஞ்சையும் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு சீன ஆன்டி பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஹேய், யூ ஷிஃப்ட் ஹவுஸ் ஆ?"

"நோ லா ஆன்டி. வை?"

"யுவர் கர்ட்டன் ஆல் நோ மோர்! யுவர் ஹஸ்பண்ட் டேக், புட் இன்சைட் கார், கோ!" என்று கையால் ஓட்டிக் காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. வாசலில் வைத்துக் கேட்டைப் பூட்டினேன். ஆன்டியும் பிரியாணிக்காக எப்படியும் மண்டபத்துக்கு வருவதாகத்தான் இருந்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு நடந்தார்.

மண்டபத்தில் கூட்டம். ஒரு பக்கம் பிரியாணிக்கு வரிசை, ஒரு பக்கம் குழந்தைகள் பலூன் உடைக்கும் சத்தம். மேடையின் பின்சுவர் முழுக்க, பலகை வைத்து, என் ஹால் கர்ட்டன்கள், என் சமையலறைக் கர்ட்டன், என் படுக்கையறைக் கர்ட்டன். நடுவில் கோயில் திரை மாதிரி சேலைக்கரைப் போர்வை. ஒரு தூணில் என் மேசை விரிப்பைச் சுற்றியிருந்தார்கள். குஷன் உறைகளை முக்கோணமாக மடித்துக் கயிற்றில் தோரணம் கட்டியிருந்தார்கள். இவை எல்லாவற்றின் மேலும், அங்கே ஒன்று இங்கே ஒன்றாக, அவர் பின்னிய உல்லன் பூக்கள், குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன.

அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டில் தனித்தனி அறையில் கிடந்தவற்றை நான் ஒன்றாகச் சேர்த்து, அவ்வளவு தள்ளி நின்று, ஒருநாளும் பார்த்ததில்லை. யார் செய்தது இவ்வளவும் என்று ஒரு கணம் மலைத்து நின்றேன். நான்தான்.

மேடையில் என் வீட்டுக்காரர் புது பாத்தேக் பூச்சட்டையில், கழுத்தில் மாலையோடு. பக்கத்தில் சிறப்பு விருந்தினராக வந்த ஓர் அரசியல் பிரமுகர். சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில், "இந்தக் கலைநயம் அனைத்தும் ஒரே ஒரு மனிதரின் பத்து விரல்களில் பிறந்தது! அன்னாருக்கு 'கைவினைச் செம்மல்' என்ற பட்டத்தை வழங்கிப் பெருமை கொள்கிறோம்" என்று முழங்கினார். கேடயம் கைமாறியது. எல்லோரும் தட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு ஆன்டி மட்டும் தட்டவில்லை. கண்ணைச் சுருக்கி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமுகர் துணியைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் துணியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. "இவ்ளோ நேர்த்தியா இருக்கே! கைத்தையலா, மெஷினா அங்கிள்?"

என் வீட்டுக்காரர் கர்ட்டனைப் பார்த்தார். பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்தார். "அது வந்து... பாதி பாதி" என்றார்.

அப்போதுதான் ஆன்டிக்குப் பிடிபட்டது. மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், என் தோளை உலுக்கிக்கொண்டே சொன்னார்: "ஐயோ, திஸ் ஒன் யுவர் கர்ட்டன் வாட்! எவ்ரிடே மார்னிங் ஐ ட்ரிங்க் காப்பி, ஐ சீ திஸ் கர்ட்டன்! தட் கார்னர் யெல்லோ, திஸ் சைட் பர்ப்பிள். ஐ நோ லா!"

பிரியாணி வரிசை திரும்பியது. இத்தனை வருஷமாக என் கர்ட்டனை ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, துணியின் தப்பான பக்கத்தை. அழுகிற இடமில்லை அது, கையில் தட்டோடு நூறு பேர் நிற்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். மாலைக்கு மேலே முகம் வெளுத்தது. தலைவர் பதிலுக்காக நீட்டிய மைக் இன்னும் அவர் வாய்க்கு முன்னால்தான் இருந்தது. "தைச்சது... வீட்டம்மா. அவங்களத்தான் கேக்கணும்" என்றார்.

தலைவர் அசரவில்லை. அவர் பேச்சு எதற்கும் அசராது. "ஆகா! ஆண்களின் சாதனைக்குப் பின்னால் பெண்கள் ஆற்றும் அரும்பணியை இந்த நேரத்தில்..." என்று தொடங்கினார். பின்னால் என்றுதான் சொன்னார். நான் செய்தவை எல்லாம் கூட்டத்தின் முகத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேடை ஏறினேன். நாற்காலி மேல் ஏறிக் கர்ட்டனின் மூலையைப் பிடித்து இழுத்தேன். கிளிப் இல்லை, கம்பி இல்லை. பலகையோடு சேர்த்து ஸ்டேபிள் அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தெறித்து விழுந்தது.

"அம்மா, நிகழ்ச்சி முடியட்டும்மா" என்றார் தலைவர், முதல்முறையாகச் சாதாரணத் தமிழில்.

"நீங்க நடத்துங்க அண்ணே. நான் ஒண்ணும் சொல்லல. இருட்டுறதுக்குள்ள என் வீட்டு ஜன்னலுக்கு இது வேணும்."

"இப்பவேவா?"

"தெருவே உள்ள பாக்குது அண்ணே."

சிரிப்பு எழுந்தது. ஆன்டி மேடைக்கு வந்து கழற்றிய துணிகளைக் கையில் வாங்கி மடித்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலி ஆடாமல் நின்றது. குனிந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் மாலையோடு அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. தலைவருக்கோ என்னைச் சும்மா அனுப்ப மனமில்லை. அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு வைத்திருந்த பரிசுக் கூடை ஒன்றை எடுத்து, "குடும்ப விளக்குக்கு ஒரு சிறிய அன்பளிப்பு" என்று பிரமுகர் கையால் கொடுக்க வைத்தார். பாத்திரம் கழுவும் திரவம், சோப்புத் தூள், ஒரு தேய்க்கும் பிரஷ். அவருக்குக் கேடயம், எனக்குத் துவைக்கிற சாமான். வாங்கிக்கொண்டேன். கர்ட்டனெல்லாம் பிரியாணி வாடை. சோப்புத் தூள் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் துணிகளைக் குவித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டே."

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"சரி, அத விடுங்க. அன்னிக்கு ஒருத்தி கர்ட்டன் எங்க வாங்கினீங்கன்னு கேட்டப்ப, தெரியலன்னு போட்டீங்களே. அது ஏன்?"

மாலையை இன்னும் கழற்றாமல் நின்றார். "நெசமா தெரியாதும்மா. கடையில வாங்கினதுன்னு நெனச்சேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

"பின்னறையில ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம மெஷின் ஓடுச்சே. சத்தம் அதிகமா இருக்குன்னு கதவ சாத்தச் சொல்லுவீங்களே. அப்ப நான் என்னா பண்ணிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சீங்க?"

உண்மையாகவே யோசித்தார். பொய் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் அந்த நேரத்துக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். "நீ ஏதோ தைக்கிறேன்னு நெனச்சேன்" என்றார். "என்னா தைக்கிறேன்னு நெனைக்கல."

கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. சாப்பிட்ட பிறகும் வயிறு காலியாக இருப்பது மாதிரி இருந்தது. எழுந்து போய் ஒரு ஊசியையும் நூலையும் கொண்டுவந்து அவர் மடியில் போட்டேன். கொக்கி ஊசி இல்லை, தையல் ஊசி.

"ஸ்டேபிள் போட்ட ஓட்ட அத்தனையும் அடைச்சுக் குடுங்க."

"பூ ஒண்ணு பின்னி மேல வெச்சா மறைஞ்சிடுமே."

"பூ வேணாம்."

வாரக் கணக்கில் தைத்தார். கிழிசலைவிட அவர் போட்ட தையல்தான் அதிகம் தெரிந்தது. பிரிக்கச் சொன்னேன், பிரித்தார். விரலில் குத்திக்கொண்டார். ஒரு சதுரத்தை முடித்துவிட்டு, "இந்த ஓரத்த மடிச்சு உள்ள விட்டு தைச்சிருக்கியே, எல்லாத்துலயும் அப்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு கர்ட்டனை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. அவற்றை ஓரம் பார்த்து மடித்து வைத்தார்.

வாட்ஸப் குழுவில் நான் நாற்காலி மேல் நின்று இழுக்கும் படத்தை யாரோ போட்டுவிட்டார்கள். "ஆன்டி சூப்பர்" என்று ஆரம்பித்து, இரண்டு நாளில், "ஆன்டி, எங்க வீட்டுக்கும் நாலு ஜன்னலுக்குத் தச்சுக் குடுங்களேன், நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்பதில் வந்து நின்றது. அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டேன். மகள் மட்டும் போன் செய்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்ததாகச் சொன்னாள். "போர்வைய சோபா மேல போட்டிருக்கேம்மா. ஒரு ஓரத்துல." ஒரு ஓரம் கிடைத்ததற்காக நான் ஆனந்தக் கண்ணீர் விடுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. "துவைக்கும்போது வெந்நீர் ஊத்தாத" என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் மஸ்ஜித் இந்தியாவுக்குக் கிளம்பியபோது, நானும் வரேன் என்று அவர் சட்டையை மாட்டினார். துணிக்கடையில் நுழைந்ததும் கடைக்காரர், "வாங்கக்கா, எங்க ரொம்ப நாளா காணோம்?" என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வைத்தார். "நீங்க வருவீங்கன்னு நல்ல துண்டா எடுத்து வெச்சேன். பனாரஸ் கரை ஒண்ணு இருக்கு, பாருங்க." பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "இவங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்."

"அண்ணனா! இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று எழுந்து கைகுலுக்கினார். "அக்கா தைக்கிறதெல்லாம் போன்ல காட்டுவாங்க. நீங்க குடுத்து வெச்சவரு."

"ஆமா ஆமா" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கூடையைக் கிளறினேன். அழுத்தமான மாம்பழ நிறத்தில் ஒரு துண்டு கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் வைக்க மயில்கழுத்துப் பச்சை தேடினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த மஞ்சள் வேணாம்மா. சோபாவுக்கு ஒத்து வராது. இந்த மாதிரி ஒரு நீலம் எடு."

"நீங்க பையப் பிடிங்க" என்றேன்.

பிடித்தார். நான் மஞ்சளை எடுத்துக்கொண்டேன்.